ராக்கையாவின் கயிறு

வடுகபட்டியில் நிலம் அளக்க நாட்டாமை ராக்கையாவின் கயிறு போதும். எண்பது கோல் நீளம்; மஞ்சள் பூசி மந்தையம்மன் கோயிலில் தொங்கும். வயலைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர்ந்தால் அது ஒரு பங்கு. இரண்டு வயலையும் அதே கயிறு சுற்றினால் இரண்டும் சமம். மூன்று தலைமுறையாக யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியவர்களுக்கு இன்னும் ஒல்லியான வயல் கிடைத்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் பிச்சைமணி முறைக்காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாளே அவன் தம்பி நல்லகண்ணு பங்கு பிரிக்கக் கயிற்றை இறக்க வைத்தான். கிணற்றடி வயல் அவனுக்கு; நாலு பக்கமும் இருபது கோல். பிச்சைமணியின் மனைவி சங்கிலியம்மாளுக்கு வாய்க்காலோரத் துண்டு; முப்பத்தாறு கோல் நீளம், நாலு கோல் அகலம். கயிறு இரண்டையும் பிசகாமல் சுற்றியது.

“பாத்துக்க ஆத்தா. ஒரு சாண் கூடல, கொறையல” என்றார் ராக்கையா.

சங்கிலியம்மாள் துண்டைப் பார்த்தாள். ஏரைத் திருப்பினால் மாடு வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். இரண்டு பெண் பிள்ளைகள் வருஷம் முழுக்க இதில்தான் சாப்பிட வேண்டும்.

பிச்சைமணி பெரியகுளத்தில் அஞ்சாவது வரை படித்தவன். பரப்பளவு கேட்டதற்கு நாலு பக்கத்தையும் கூட்டிச் சொல்லிப் பிரம்படி பட்டவன். ஏர் பூட்டும்போதெல்லாம் அந்த அடி ஞாபகம் வந்துவிடும். “நீளத்த அகலத்தால பெருக்கணும். கூட்டக் கூடாது” என்று மாட்டுக்கும் மனைவிக்கும் சேர்த்தே சொல்லுவான். மாடு தலையாட்டும். அவள் சிரிப்பாள்.

இப்போது விரல்விட்டுப் பெருக்கினாள். கொழுந்தனுக்கு நானூறு. தனக்கு நூற்று நாற்பத்து நாலு.

“மாமா, பெருக்கித்தான் பாக்கணும். அவுக சொல்லுவாக.”

“அவன் எங்க வந்து சொல்லப் போறான்? கயிறு இங்கன இருக்கு.”

“மதினிக்குத் துக்கத்துல கணக்கெல்லாம் வருது” என்றான் நல்லகண்ணு. கூட்டம் சிரித்தது.

“சரி, கயிறு சொன்னாச் சரிதான். கொழுந்தனுக்கு நானும் ஒரு வயல் அளந்து தாரேன்.”

முனைகளை முடிந்து ஒரு பக்கத்தை அவன் கையில் கொடுத்தாள். மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு வரப்போடு நடந்தாள். நாற்பதாவது கோலில் கயிறு விறைத்தது. இரண்டு இழையும் ஒட்டிப் படுத்தன.

“போக நாப்பது, வர நாப்பது. முனை சேந்திருக்கா மாமா?”

“சேந்திருக்கு.”

“அப்ப இது ஒரு பங்கு. இத அவர் எடுத்துக்கிடட்டும். கிணத்தடி எனக்கு.”

நல்லகண்ணு குனிந்து பார்த்தான். இழைகளுக்கு நடுவே நடக்க இடமில்லாமல் ஓர் எறும்பு கயிற்றின் மேல் ஏறியது.

“ஏலே நல்லகண்ணு, இதுல எத்தன முடி நாத்து நடுவ?” என்றது ஒரு குரல்.

இந்த முறை சிரிப்பு அதிக நேரம் நீடிக்கவில்லை. பின்வரிசையில் பலர் தங்கள் வயல்களை நினைத்து விரல்விடத் தொடங்கியிருந்தார்கள். ராக்கையா அதைக் கவனித்துவிட்டார்.

“கயித்துல பனி எறங்கியிருக்கு. ஈரக்கயிறு தப்பாத்தான் காட்டும். காயிற வரைக்கும் ரெண்டு வயல்லயும் ஆளுக்குப் பாதி” என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது உச்சிவெயில்.

அந்தக் கயிறு இன்னும் காயவில்லை.

கிணற்றடிப் பாதியில் முதல் ஏர் பூட்டிய அன்று சங்கிலியம்மாள் மாட்டின் காதருகே குனிந்தாள். “கூட்டக் கூடாது” என்றாள்.

மாடு தலையாட்டியது.