இரண்டாவது கேபிள்

வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வவுனியா முகாமுக்குப் போய்விட்டார், முதல் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க. அந்த முதல் மனைவி வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா நப்லா.

சுனாமி அன்று ராத்தாவைக் கடற்கரையோரச் சீதன வீட்டோடு கடல் கொண்டுபோனது. மையித்துக் கிடைக்கவில்லை. அவள் மாப்பிள்ளை றிஷாட் மச்சான் அன்று ஆறு மாதக் குழந்தையோடு சம்மாந்துறையில் தன் தாய் வீட்டில் இருந்தார். பிள்ளை தாய்வழியில்தான் வளர வேண்டும் என்று உம்மா பிடிவாதம் பிடித்ததால் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளை என்னைத்தான் உம்மா என்று கூப்பிடுகிறது. நாலரை வருடம் மச்சான் முன்னறையில், நான் அடுப்படியில். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தேத்தண்ணீர் குடித்துவிட்டு அவர் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தத்துக்காக நான் காத்திருந்தது மட்டும் ஊருக்குத் தெரியாது.

ராத்தாவும் தங்கையும் ஒரே நேரத்தில் ஒருவருடைய நிக்காஹில் இருக்க முடியாது. நாலு வருடம் கழிந்த பிறகு மார்க்க நீதிபதி காழியார் ராத்தாவை மௌத்தானவளாக, இறந்துபோனவளாகக் கொள்ளலாம் என்றார். நாள் குறித்தோம். இதற்கிடையில் வன்னியில் சண்டை முடிந்து, அங்கிருந்த சனம் வவுனியா முகாமுக்கு வந்தது. முகாமுக்குப் போய் வந்த ஒருவர், நப்லாவின் சாயலில் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார். கடலில் மிதந்தவளைப் படகுக்காரர் தூக்கி வன்னிக்குக் கொண்டுபோனார்களாம், பழைய நினைவே இல்லையாம். நம்புகிற கதையா? மச்சான் நம்பினார். நானும் நம்பினேன். ராத்தா வரவேண்டும் என்று துஆக் கேட்டேன். வந்துவிடக் கூடாது என்றும் மனசு கேட்டது.

புதன்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். கல்முனையில், காணாமல் போனவர்களின் பெயர்ப்பதிவு வைத்திருக்கும் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிச் சர்வரைப் பார்ப்பது நான்தான். உப்புக்காற்றில் கேபிள் முனை கறுத்து, இணைப்பு அடிக்கடி அறுந்தது. அதனால் இன்னொரு நெட்வேர்க் கார்டும் கேபிளும் போடச் சொல்லியிருந்தார் மேலாளர் கனகரெத்தினம் சேர். கார்ட் இரண்டு, விலாசம் ஒன்று. முதலாவது அறுந்தால் இரண்டாவது அதே விலாசத்தோடு வேலையைக் கையேற்கும். அதுவரை சும்மா விழித்திருக்கும். சும்மா விழித்திருப்பதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சர்வருக்கான கட்டளை எல்லாம் எழுதி முடித்தேன். ஒரு வரி மிச்சம். முதலாவது திரும்பி வந்தால் அதற்கே இடத்தைக் கொடுப்பதா, இரண்டாவதே தொடர்வதா?

"இரண்டாவதையே ஓட விடுங்க பிள்ளை," என்றார் சேர். "மாறி மாறிப் போனா ஒவ்வொரு தரமும் இணைப்புத் துண்டுபடும்."

அவர் சொன்னதுதான் தொழிலுக்குச் சரி. எனக்குக் கை வரவில்லை. முதலாவதுக்கே கொடு என்று எழுதினேன்.

"ஏன் அப்பிடி?"

"அது அதுட இடம் சேர்."

அவர் பெரிய மனசுக்காரர், தோளைக் குலுக்கி விட்டுவிட்டார். சோதிக்க வேண்டும். முதல் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டாவது உடனே எடுத்துக்கொண்டது. அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நிற்கக்கூட இல்லை. ஒன்று போனதை ஒருவரும் அறியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

கேபிள் கையில் இருக்கும்போதே கைத்தொலைபேசி அடித்தது. மச்சான்.

"றபீக்கா, அது அவ இல்ல. வேற ஆரோ மூதூர்ப் பிள்ளை. கிட்டப் போய்ப் பாத்திட்டன்."

கேபிளின் கறுத்த முனையை விரலால் துடைத்தேன்.

"கேக்குதா? இனித் தேடிப் போகமாட்டன். வெள்ளிக்கிழமை நிக்காஹ வைப்பம். உம்மாட்டச் சொல்லுங்க."

"ஓம்," என்றேன். நாலரை வருடம் ஆசைப்பட்ட சொல். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

"கேபிளத் திரும்பக் கொழுவுங்க பிள்ளை, வருதா பாப்பம்," என்றார் சேர்.

கொழுவினேன். ஒரு நொடிதான். பச்சை விளக்கு எரிந்தது, முதலாவது தன் இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது சத்தமில்லாமல் ஒதுங்கி நின்றது. இவ்வளவு லேசாகத் திரும்பி வர முடியுமா? அப்போதுதான் என் ராத்தாவுக்காக, அலுவலகம் என்றும் பாராமல், வாய்விட்டு அழுதேன்.

"வேலை செய்யுதுதானே பிள்ளை," என்றார் சேர், ஒன்றும் புரியாமல். "திரும்பி வந்திட்டுதுதானே. ஏன் அழுறீங்க?"