என்ன அடச்சிருந்துச்சு?

...சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது, ஆனால் இழுக்கமாட்டேன் என்கிறது, தரையில் கிடக்கிற ஒற்றைத் தலைமுடியைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே வாயைத் தேய்த்துக்கொண்டு போகிறது, இதை வைத்துக்கொண்டு நாளைக்கு கீதா வெள்ளகோவிலிலிருந்து வந்து இறங்கினால் நான் என்ன செய்வேன், பெற்ற மகள், தூசி என்றாலே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும், அவளுக்காகத்தானே இந்த வேக்குவம் கிளீனரையே வாங்கினோம், டை கட்டிக்கொண்டு வந்த மனிதர் எங்கள் மெத்தையிலேயே வெள்ளைத் துணியை வைத்து இழுத்துக் காட்டி, பாருங்க மேடம், இத்தனை அழுக்கு மேலதான் தினமும் படுக்கறீங்க என்றபோது எனக்கு அவமானமாகப் போய்விட்டது, இப்போது அவர்கள் கம்பெனிக்குப் போன் செய்தால் திங்கட்கிழமைதான் ஆள் வருமாம், இன்றைக்கு வியாழன்... சரி என்று பட்டறைக்குப் போன் போட்டேன், முப்பது வருஷமாக மோட்டார் பம்பு செய்கிற என் வீட்டுக்காரருக்கு இது தெரியாமலா போய்விடும். ஏனுங்க, மெஷினு இழுக்க மாட்டீங்குதுங்க என்றேன். சத்தம் வருதா என்றார். வருதுங்க. அப்பொறம் மோட்டாரு நல்லாத்தான் இருக்குது, கெணத்துல தண்ணி எடுக்கலீன்னா மோட்டாரையா கழட்டறோம், அடியில புட்வால்வப் பாரு, பைப்புல எங்கியாச்சும் அடைப்பான்னு பாரு, எல்லாம் ஒண்ணுதான். ஊட்டுக்குள்ள ஏதுங்க கெணறு என்றேன். உன்ற வாயி மட்டும் ஒருநாளும் அடைக்காது தெய்வா என்று சிரித்தார், ஒரு மணி நேரங் கழிச்சுக் கூப்படறேன், இழுக்குதான்னு சொல்லு.

முதலில் பையைக் கழற்றித் தென்னை மரத்தடியில் கொட்டினேன், பாதிகூட நிறையவில்லை, சாம்பல் மாதிரி தூசியும் பஞ்சும்தான், பிறகு உள்ளே இருக்கிற வடிகட்டித் துணியைக் கழற்றித் துவைக்கிற கல்லில் வைத்து அலசிச் சித்திரை வெயிலில் போட்டேன், அந்தக் கல்லுக்கு நான் வந்தே பல நாளாகிறது, பழனியாத்தாள் இருந்தவரை இந்தப் பின்கட்டு அவளுடையது, பதினெட்டு வருஷம் இந்த வீட்டில் பாத்திரமும் துணியும் அவள்தான், அவள் போனபிறகு கல்லின் ஓரத்தில் பாசி பிடித்துக் கிடக்கிறது, பிடிக்கட்டும், போனவளைப் பற்றி என்ன... துணி நொடியில் காய்ந்தது, மாட்டினேன், இப்போதும் இழுக்கவில்லை. ஓஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வைத்தேன், அப்பா, எப்படிப் பிடித்து இழுக்கிறது, கையை எடுக்கவே பலம் வேண்டியிருந்தது, அப்படியானால் அவர் சொன்னதுதான், மோட்டாரில் ஒன்றும் இல்லை, ஓஸுக்குள்தான் ஏதோ இருக்கிறது. ஒட்டடைக் கம்பை விட்டுக் குத்தினேன், வளைவில் போய் நின்றுவிட்டது, உதறினேன், ம்ஹூம். அந்த டைக்காரர் காட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்தது, மெஷினின் பின்பக்கத்தில் காற்று வெளியே வரும் துவாரத்தில் ஓஸை மாட்டினால் ஊதும், எங்கே அதைச் செய்து பார்ப்போம் என்று மாட்டி, ஓஸின் மறுமுனையைக் கல்லின் மேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். ஒரு நிமிஷம் உறுமியது. பிறகு பொத்தென்று எலிக்குட்டி மாதிரி ஒன்று வந்து கல்லில் விழுந்தது. முடி, பஞ்சு, முடி, எல்லாம் நரைத்த முடி, என்னுடையது, குறுக்கே என் கொண்டை ஊசி ஒன்று, ஊசிக்குப் பின்னால் வெயில் பட்டு ஏதோ...

ஏழு கல் தோடு.

இல்லை. இருக்காது, வேறு ஏதாவது கண்ணாடிச் சில்லாக இருக்கும், கீதாவின் தோடு எப்படி இதற்குள், திருகாணி பாதி கழன்று தொங்குகிறது, நடுக்கல்லின் ஓரத்தில் அந்தச் சின்ன நெளிவு, அவளுடைய கல்யாணத்தில் மாமியார் போட்ட தோடு, அதேதான், அதேதான். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெஷின் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தாள், காலையில் அவள் குளிக்கப் போனதும் எப்போதும்போல நான் மெத்தைக்கு மெஷின் போட்டேன், சாயங்காலம் கண்ணாடி பார்த்துவிட்டு, அம்மா, ஒரு காது வெறுங்காதா இருக்குது என்று அலறினாள், நான் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தேனே, இரண்டு முறை கொட்டிச் சலித்துப் பார்த்தேனே, அதில் இல்லை என்றதும்தானே அடுத்து பழனியாத்தாள் என்று... ஓஸ் என்று ஒன்று இருப்பதே ஏன் தோன்றவில்லை எனக்கு, என் கொண்டை ஊசியே குறுக்கே நின்று பிடித்துவைத்திருக்கிறது, மூன்று மாதமாக இந்த வீட்டிலேயே, நான் இழுத்துக்கொண்டு திரிந்த குழாய்க்குள்ளேயே.

இந்தக் கல்லுக்கு முன்னால்தான் பழனியாத்தாளை நிற்கவைத்து மடியை உதறச் சொன்னேன். நானா சொன்னேன்? நான்தான். மடிய உதறு பழனியாத்தா. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உதறினாள், ஒரு வெற்றிலையும் இரண்டு முறுக்கும் விழுந்தன, அவள் மகள் இனியாவுக்கென்று நான்தான் அந்த முறுக்கைக் கொடுத்திருந்தேன், பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், அவள் குனிந்து முறுக்கை எடுக்கவில்லை. நா எடுக்கலீங்கம்மா என்றாள். அப்பொறம் கால் மொளச்சா போச்சு என்றேன். அன்றோடு வேலையை விட்டு நின்றவள் ஒருவாரம் கழித்து வாசலில் வந்து நின்றாள், ஏனுங்கம்மா, ஆனைமலைக்குப் போலாமுங்க, மாசாணியாத்தா கிட்ட நானே மொளகா அரைக்கறேனுங்க, நீங்களும் வந்து பாருங்க. பொருள் களவு போனவர்கள்தான் மிளகாய் அரைத்து நீதி கேட்பார்கள், களவுப் பட்டம் சுமந்தவள் அரைக்கிறேன் என்று வந்து நின்றதும் எனக்குத் திக்கென்றிருந்தது, ஆனாலும் போனேன், எதற்குப் போனேன், அவள் கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான். நடுங்கவில்லை. குனிந்து, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுக அரைத்து, வழித்து, ஆத்தாவின் நீதிக்கல்லில் பூசி, ஆரு எடுத்தாங்களோ அவிய எந்த ஊட்ல இருந்தாலும் நீயே கேளு தாயி என்றாள், பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் தாயே என்று கும்பிட்டேன், எவ்வளவு சத்தமாகக் கும்பிட்டேன், திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள், எரியும் கையை ஜன்னலுக்கு வெளியே காற்றில் நீட்டியபடி, நான் நினைத்தேன், என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு.

யார் எடுத்தார்களோ. அவளை இந்த மெஷினைத் தொட விட்டதே இல்லையே நான், கெட்டுப்போயிரும், உனக்குத் தெரியாது, தள்ளிப் போ என்று எத்தனை முறை, இந்த வீட்டில் இதைப் பிடித்த கை இந்த ஒரு கைதான்... இது மட்டுமா. பால் கொண்டுவருகிற ராமுலுவிடம் தினமும் விசாரித்தேனே, அவர் வீடு காலனிக்குப் பக்கத்தில்தான், பழனியாத்தா ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானே என்று அக்கறை போலக் கேட்பேன், அவரும், நல்லாருக்காங்கம்மா, இப்ப மில்லு ஹாஸ்டல்ல கூட்டற வேலைக்குப் போகுது, உங்களையும் விசாரிச்சுதுங்க என்பார். பங்குனியில் ஒருநாள், இனியாப் புள்ளைக்கு மஞ்சக்காமாலைங்கம்மா, கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு என்றார். பால் பாத்திரத்தை மூடாமலே உள்ளே ஓடி வந்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னேன்? கேட்டுருச்சுங்க. மாசாணியாத்தா கேட்டுருச்சுங்க. ஒன்பது வயசுக் குழந்தை, எங்கள் பின்கட்டில் நடை பழகியவள், அவள் கண் மஞ்சளானதற்கு நான் சந்தோஷப்பட்டேனா? சந்தோஷம் இல்லை, ஒரு நிம்மதி... அது மட்டும் வேறா. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பச்சப் புள்ள தெய்வா, அது என்ன பண்ணுச்சு என்றார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு என்ன இருந்தது, ஏமாற்றமா? ஐயோ.

போய்ச் சொல்ல வேண்டும், இப்போதே, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் இருபது நிமிஷம், காலனியில் மூன்றாவது வீடு, மடியை உதறியதை எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும், என்னவென்று ஆரம்பிப்பது. பழனியாத்தா, தோடு கெடச்சுருச்சு. அதுவே எங்கோ போயிருந்துவிட்டுத் திரும்பி வந்ததுபோல. எங்கீங்கம்மா இருந்துச்சு என்பாள். மெஷினு முழுங்கிப்போட்டுது அம்மணி. மெஷினுங்களா, ஆருங்க மெஷினு போட்டது? அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, மனசுக்குள் பேசிப் பார்க்கும்போதுகூட வரவில்லை. அவள்தான் என்னோடு ஆனைமலைக்கு மறுபடியும் வரவேண்டும், அரைத்தவர் கையால் எண்ணெய் ஊற்றிக் குளிர வைத்தால்தான் ஆத்தா அடங்குவாள் என்பார்கள், தொண்ணூறு நாளைக்குள் கேட்டுவிடும் என்பார்கள், அரைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலண்டரில் நானே பென்சிலால் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன், அவளுக்காக எண்ணியது, இன்றோடு எண்பத்து நாலு. இன்னும் ஆறு நாள். ஆறு நாள்தானே, பேசாமல் இருந்துவிட்டால்... என்ன நினைப்பு இது, யார் நினைக்கிறது இதை?

போன் அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன், இல்லை, நடந்தேன், ஓஸும் காலில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. என்ன தெய்வா, இழுக்குதா என்றார். அவரிடம் சொல்லிவிட்டால் போதும், முதலில் அவரிடம், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார், இருவருமாகப் போய்விடலாம். அடைப்ப எடுத்துப்போட்டனுங்க என்றேன். பாத்தியா, நாஞ் சொன்னனில்ல, பம்புக்காரன் பேச்ச எவ கேக்கறா, ஆமா, என்ன அடச்சிருந்துச்சு? சொல், சொல் என்று உள்ளே யாரோ அடித்துக்கொண்டார்கள், வாயைத் திறந்தேன், முடிதானுங்க என்றது வாய். வெறும் முடியுங்க. அதான பாத்தேன், சரி, நாளைக்குப் புள்ள வரங்காட்டியும் ஊட்டக் கூட்டி வெய்யி என்று சிரித்தபடி வைத்துவிட்டார், ரிசீவர் மட்டும் என் காதில் கொர்ரென்று கேட்டுக்கொண்டே இருந்தது, திருகாணியின் முனை உள்ளங்கையில் குத்தியபோதுதான் வலது கையைப் பார்த்தேன், இறுக மூடியிருந்தது, எப்போது மூடினேன், யார் எடுத்தார்களோ என்று அன்றைக்கு அவள் கேட்டபோது எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை, ஓர் ஊசியும் ஒரு குழாயும்தான், இப்போது...