ஜனாபாய் கையில் ஒரு கல்

வேப்ப மரத்தடியில் அபயா வரைபடத்தை விரித்தாள். ஃப்ளெக்ஸில் அச்சிட்டது. ஜமக்காளம் அளவு இருந்தது. அரசு அலுவலக வளாகத்தில் நிழல் இருந்தது அங்கே மட்டும்தான். அந்த நிழலில் ஆம்பேவாடி மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

மொத்தமும் என்றால் மொத்தமும்தான். மேற்கு மலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, இருட்டோடு கிளம்பி வந்திருந்தார்கள். கைக்குழந்தைகள், காலில் கட்டுப் போட்ட ஒருவர், துணியில் சுற்றிய பாக்ரி ரொட்டி மூட்டைகள். ஊரில் நாய்களும் கோழிகளும்தான் மிச்சம் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன பாப்பா, பிக்னிக்கா?"

வராந்தாவிலிருந்து கேட்டது இருதயராஜ். இந்த அலுவலகத்தின் கிளார்க். கோர்படி ரயில்வே காலனியில் அபயாவின் அப்பா பத்மநாபனுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர்.

"அவங்க ஊர் வழக்கம் அங்கிள். முடிவு எடுக்கணும்னா எல்லாரும் இருக்கணும்."

"அரே, முடிவு எடுக்கறது உள்ள இருக்கற கமிட்டிம்மா. ரெண்டு பேர் வந்தா போதும். பேப்பர்ல போட்டிருக்கே?"

"சொன்னேன். கேக்கல."

"உங்கப்பா மாதிரியே பிடிவாதக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அபயாவுக்கு முழுப் பெயர் அபயாம்பாள். விமான் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வரைபடம் போடுவது வேலை. வன உரிமைச் சட்டப்படி ஆம்பேவாடிக்காரர்கள், மகாதேவ் கோளி ஆதிவாசிகள், இரண்டு விதமாக உரிமை கேட்டிருந்தார்கள். உழுகிற வயல் அந்தந்தக் குடும்பத்துக்கு. காடு, ஊற்று, சாமி தோப்பு எல்லாம் ஊருக்குப் பொதுவாக. இரண்டும் அவள் போட்ட ஒரே வரைபடத்தில் இருந்தன. வயல்கள் மஞ்சள் கட்டங்கள். காடு பச்சை. இன்று கமிட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தவறினால் கமிட்டி மறுபடி எப்போது உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கிடையே மலைச்சரிவில் பங்களா மனைகளுக்குச் சாலை போட யாரோ சிவப்புச் சாயம் அடித்த கற்களை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வரைபடத்தைச் சுற்றி ஊர் நெருங்கி உட்கார்ந்தது. ஊர்த் தலைவர் காளுராம் முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "வைங்க" என்றார்.

வீட்டுக்கு ஒருவராக எழுந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல். அவரவர் வயல் வரப்பிலிருந்து எடுத்து வந்தது. தன் வயல் இருக்கும் கட்டத்தைக் கண்டுபிடித்து அதன் மேல் வைத்தார்கள். எல்லாக் கல்லும் கீழே வந்தால் ஊர் சரி என்றது என்று பொருள். காரியம் முடியும்வரை யாரும் கல்லைத் தொடக் கூடாது.

அபயா ஓரமாக நின்று பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

கடைசியாக ஜனாபாய் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. இளையவர்களுக்கு அவள் மாவ்ஷி, சித்தி. வரைபடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"தாயி, என் வயல் எங்க?"

"எந்தப் பக்கம் மாவ்ஷி?"

"ஊத்துக்கு மேல."

அங்கே பச்சைதான் இருந்தது.

அந்த இடம் அவளுக்கு நினைவிருந்தது. மழைக்கு முன்னால் அளவுக் கருவியோடு ஊர் எல்லை நடந்தபோது ஊற்றுக்கு மேல் ஒரு சரிவு. புல்லும் செடியும் மண்டிக் கிடந்தது. "இது யாரோடது?" என்று கேட்டாள். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. யாருடையதும் இல்லை போல என்று எடுத்துக்கொண்டாள். செயற்கைக்கோள் படத்திலும் பச்சையாகவே தெரிந்தது. காட்டோடு சேர்த்துவிட்டாள்.

"அங்க பயிரே இல்லையே மாவ்ஷி?"

"தூங்குது" என்றாள் ஜனாபாய். "மூணு வருஷம் கேழ்வரகு போட்டேன். இப்ப தூங்க விட்டிருக்கேன். எழுப்புறப்ப எழுப்புவேன்."

"நான் அளக்க வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"போசரில. மகளுக்குப் பிரசவம்."

அபயா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டேனே! ஏன் ஒருத்தரும் சொல்லல?"

அவள் இதுகூடத் தெரியாமல் கேட்கிறாளே என்பதுபோல் காளுராம் பார்த்தார். "ஜனா அங்க இல்லையே தாயி. ஆள் இல்லாதப்ப அவ வயலப் பத்தி நாங்க எப்படிப் பேசுறது?"

உள்ளேயிருந்து இருதயராஜ் வந்தார். "ஆம்பேவாடி! நம்பர் ஆலா, வந்தாச்சு! வா பாப்பா."

யாரும் எழுந்திருக்கவில்லை.

அபயா ஜனாபாயின் அருகில் மண்டியிட்டாள். "மாவ்ஷி, இப்ப உள்ள போயிடலாம். காடு முதல்ல கைக்கு வரட்டும். உங்க வயலுக்குத் தனியா மனு போடலாம். நானே போட்டுத் தரேன். கல்லை எங்கயாவது வையுங்க."

"எங்கயாவதுன்னா?"

அபயா வரைபடத்தில் ஒரு இடத்தைத் தேடினாள்.

பின்னாலிருந்து சோமா என்ற இளைஞன் சத்தம் போட்டான். "ஒரு வயலுக்காக ஊர்க் காடே போகப்போகுது. வச்சிரு மாவ்ஷி!"

"உன் வயலைப் பச்சையாக்கிடச் சொல்லு. இப்பவே வைக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. சோமாவும் சிரித்துவிட்டான்.

"பாப்பா!" இருதயராஜ் படியிறங்கி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இப்ப வரலைன்னா ஃபைல் அடிக்குப் போயிடும். சாயங்காலம் கமிட்டித் தலைவர் சாப் கிளம்பிடுவார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே. என்ன பிராப்ளம்?"

"ஒருத்தங்க கல்லு வைக்கல அங்கிள்."

"ஒருத்தங்கதானே?"

அபயாவும் அதையேதான் நினைத்தாள். ஒருத்திதானே. போன ஞாயிறு வாகட்டில் அவள் குடியிருப்பில் கூட்டம் நடந்தது. பின்பக்க கேட்டை மூடுவதா வேண்டாமா என்று. அந்த கேட் வழியாகத்தான் சக்கர நாற்காலி போகும் என்று தரைத்தளத்து லலிதா மாமி சொல்லிப் பார்த்தாள். கை தூக்கியவர்களை எண்ணினார்கள். கேட் மூடியாயிற்று. எல்லாரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அபயாவும் கை தூக்கியிருந்தாள்.

"எங்களுக்கு அப்புறம் இருக்கற ஊரைக் கூப்பிடுங்க சாகேப்" என்றார் காளுராம், இருதயராஜிடம். "எங்களுக்கு ஒரு கல் இன்னும் கையில இருக்கு."

"பெரியவரே, எத்தனை வருஷமா அலையறீங்க? இன்னிக்கு விட்டா?"

"விட்டா இன்னொரு தடவை வருவோம். ஜனாவ விட்டுட்டு வாங்குற காடு எந்த ஊருக்கு?"

அவர் குரல் உயரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோல்தான் சொன்னார். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள் அபயா. கோபம் இருந்தது. அலுப்பு இருந்தது. கல்லை வை என்று கண்ணாலேயே கெஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் எழுந்தவர் ஒருவரும் இல்லை.

இருதயராஜ் அபயாவைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய் அடுத்த ஊரைக் கூப்பிட்டார்.

பாக்ரி மூட்டைகள் பிரிந்தன. மிளகாய்த் துவையல் கை மாறியது. அபயாவுக்கும் ஒன்று வந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஜனாபாய் எழுந்தாள். கல் அவள் இடது கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு நான் இல்ல" என்றாள். "இப்ப இருக்கேன். பேசுங்க."

யாரும் எதிர்பார்க்காமல் சோமா எழுந்தான்.

"என் வரப்பு முடியிற இடத்துல மாவ்ஷி வயல் ஆரம்பிக்குது. அங்கேர்ந்து கடுக்காய் மரம் வரைக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

உட்கார்ந்துவிட்டான். ஒரு கிழவர் கையூன்றி எழுந்தார்.

"கடுக்காய் மரத்துலேர்ந்து பிளந்த பாறை வரைக்கும். என் ஆடு தாண்டினா இவ கல்லெடுத்து அடிப்பா. ரெண்டு தடவை என்னையும் அடிச்சிருக்கா."

"மூணு தடவை" என்றாள் ஜனாபாய்.

அபயா பையைத் துழாவி மஞ்சள் மார்க்கரை எடுத்தாள். கடுக்காய் மரமும் பாறையும் ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தன. அடையாளங்களுக்காக அவளே குறித்தவை. சோமா சொன்ன இடத்திலிருந்து கோடு இழுத்தாள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "பாறைலேர்ந்து ஓடை வரைக்கும். அந்தப் பக்கம் விறகு பொறுக்குவேன். இந்தப் பக்கம் வரமாட்டேன்." அடுத்து, காலில் கட்டுப் போட்டவர். உட்கார்ந்தபடியே சொன்னார். ஓடையோடு கீழே, தடுப்பணை இடிந்த இடம்வரை. அங்கிருந்து இன்னொருத்தி.

ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த துண்டை மட்டும் சொன்னார்கள். ஒரு அடி கூடச் சொல்லவில்லை. ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அபயாவின் கை மட்டும் நிற்காமல் நகர்ந்தது. கடைசித் துண்டைச் சொன்னவள் உட்கார்ந்தபோது கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

அபயா குனிந்தபடியே இருந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. முழு வயலையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் முழு வயலும் அங்கே இருந்தது. அன்று மலையில் அவள் கேட்ட மௌனமும் இதே ஊருடையதுதான். அப்போது அது காலியிடம் என்று நினைத்தாள்.

ஜனாபாய் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது தப்பு தாயி."

"எது மாவ்ஷி?"

"ஊத்துக்குப் போற வழி என் வயலுக்குள்ள போகுது. அது என்னுது இல்ல. ஊரோடது. அதை மஞ்சளுக்குள்ள விடாத."

அபயா கட்டத்துக்குள் மஞ்சள் பூசி, குறுக்கே வழியை மட்டும் மெல்லிய பச்சைக் கோடாக விட்டாள். ஜனாபாய் கல்லை வைத்தாள். வழியை விட்டுத் தள்ளி வைத்தாள்.

காளுராம் முண்டாசைக் கட்டிக்கொண்டார். கிராம சபையின் செயலாளர் முட்டியில் அட்டையை வைத்து நடந்ததை எழுதினார். ஊர் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது.

வெயில் சாய்ந்தபின் இருதயராஜ் வராந்தாவுக்கு வந்தார். "கடைசி நம்பர். சாப் பையை எடுத்துட்டார். நான்தான் டீ சொல்லி உட்கார வச்சிருக்கேன். யார் ரெண்டு பேர்?"

"ஜனா வயலுக்கு ஜனா" என்றார் காளுராம்.

"சரி. காட்டுக்கு?"

ஊர் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டது.

"ஐயோ, ரூம்ல இவ்வளவு பேர் நிக்க முடியாதுங்க!"

"உட்கார்ந்துக்குறோம்" என்றாள் ஒரு பெண்.

அபயா பழக்கத்தில் வரைபடத்தைச் சுருட்டக் குனிந்தாள். கற்கள் இருந்தன. காரியம் முடியும்வரை தொடக் கூடாத கற்கள். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் நிமிர்வதற்குள் சுற்றிலும் கைகள் வந்துவிட்டன. ஓரங்களைப் பிடித்தார்கள். இழுத்துப் பிடித்தார்கள். வரைபடம் தரையிலிருந்து மட்டமாக எழுந்தது. ஒரு கல்லும் உருளவில்லை.

படி ஏறினார்கள். முன்னால் போனவர்கள் குனிந்தார்கள், பின்னால் வந்தவர்கள் கையை உயர்த்தினார்கள். யார் யாருக்காகத் தாழ்கிறார்கள், யார் யாருக்காக உயர்த்துகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடுவில் மலையும் ஊற்றும் தோப்பும் அத்தனை வயல்களும் ஆடாமல் போய்க்கொண்டிருந்தன. சோமாவுக்கும் ஜனாபாய்க்கும் நடுவே ஒரு கை அளவு ஓரம் யாரும் பிடிக்காமல் தொய்ந்திருந்தது. அபயா ஓடிப்போய் அதைப் பிடித்தாள். கனத்தது. அவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

இருதயராஜ் கதவின் ஒரு பக்கத்தைத் திறந்தார். வரைபடத்தின் அகலத்தைப் பார்த்தார். எட்டி, துருவேறிக் கிடந்த மேல் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி இறக்கி, மற்றப் பக்கத்தையும் திறந்துவிட்டார்.

உள்ளே கமிட்டித் தலைவரான அதிகாரி தலை நிமிர்ந்தார். வாசலை நிறைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஏந்தி வந்ததைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைக்கத் தொடங்கினார்.