வியாழன் மதியமும் ஞாயிற்றுக்கிழமையும்

அக்சீனியா இத்தாலிக்குப் போனபோது எங்கள் மகள் சாண்டாவுக்கு இரண்டு வயது. மல்தோவாவில் எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். பெண்கள் பாதுவாவிலும் போலோஞாவிலும் யார் வீட்டுக் கிழவிகளையோ குளிப்பாட்டுவார்கள். ஆண்கள் இங்கே பிள்ளைக்குச் சடை பின்னப் பழகுவோம். சாண்டாவுக்கு எட்டு வயதான கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு பாதுவா போனேன். இந்த முறை மனைவியைக் கையோடு அழைத்து வந்துவிடுவதென்று மனதுக்குள் முடிவு. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, குளியலறைக்கு ஓடு பதித்தாயிற்று. இனி அங்கே அவளுக்கு என்ன வேலை?

சிஞோரா ஒத்தாவியா என்ற கிழவியின் வீட்டிலேயே அவள் இரவும் பகலும் இருந்தாள். வியாழன் மதியமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் விடுப்பு. மற்ற நாட்களில் எங்கள் இத்தாலி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஊர்க்காரப் பெண் ஒருத்தி விட்டுக்கொடுத்த ஒற்றை அறைதான். காலையில் சோளமாவுக் களி கிண்டுவேன். சாண்டா ஜன்னலில் நின்று டிராம் போவதைப் பார்ப்பாள். சாயங்காலம் அக்சீனியாவின் தெரு வழியாக நடப்போம். அவள் பால்கனிக்கு வந்து கையாட்டுவாள். சாண்டாவும் ஆட்டுவாள், பக்கத்து வீட்டாருக்கு ஆட்டுவதைப்போல.

முதல் ஞாயிறு வெனிஸ் போனோம். கூட்டமும் வெயிலும் சகிக்கவில்லை. புதுச் செருப்பு கடித்து சாண்டாவின் குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. அக்சீனியா பாலத்துப் படியில் உட்கார்ந்து மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். சாண்டா மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க விடுங்க. அப்பா கட்டிவிடுவாரு."

நான் கட்டிவிட்டேன். பிள்ளை புறாக்களைப் பார்க்கப் போனதும் அக்சீனியா கேட்டாள், "உன்ன 'நீ'ங்கிறா. என்ன மட்டும் 'நீங்க'ங்கிறாளே, கிரிகோரே?"

"கூச்சம். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஃபோன்லயும் கூச்சமா?"

பிறகு அவளே சிரிக்கப் பார்த்தாள். "இந்த நாட்டுக்கு ரெண்டு சாதி ஆளுங்கதான் வர்றாங்க. போட்டோ எடுக்க ஒண்ணு, கிழவி கழுவ ஒண்ணு. இன்னிக்கு ஒரு நாள் நானும் போட்டோ சாதி." ஆனால் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அன்று கிழவியைப் பார்த்துக்கொள்ள விட்டுவந்த மாற்றாள் பெண்ணுக்கு ஃபோன் மேல் ஃபோன். "தண்ணிய அப்படியே குடுக்காத, பொரையேறும். பொடி கலந்து கெட்டியாக்கிக் குடு."

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போவதாக இருந்தது. காலையில் அந்த மாற்றாள் பெண்ணுக்குக் காய்ச்சல். கிழவியின் மகன் எங்கோ மலையில் விடுமுறையில் இருந்தான். தனியே விட்டுவிட்டுப் போகாதே என்று ஃபோனில் சொல்லிவிட்டான். பேருந்து நிறுத்தத்துக்கு அக்சீனியா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். நாற்காலியில், வெள்ளைத் தொப்பியும் காதில் தோடுமாக, எலும்பும் தோலுமாய் ஒரு கிழவி.

"என்ன பண்ணச் சொல்ற? கூட்டிட்டு வராம இருந்தா நானும் வந்திருக்க முடியாது" என்றாள்.

வழி நெடுக அந்தக் கிழவி "மம்மா, மம்மா" என்று அக்சீனியாவின் கையைத் தேடியபடியே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்சீனியா குனிந்து இத்தாலியனில் ஏதோ சொல்வாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பல வருஷமாக நான் கேட்காத குரல்.

"அவங்ககிட்ட என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள் சாண்டா.

"ஒண்ணுமில்ல. இங்கயேதான் இருக்கேன், எங்கயும் போகலன்னு சொன்னேன்."

சாண்டா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடற்கரையில் குடைக்குக் கீழே கிழவியை உட்கார வைத்தோம். நான் ஐஸ்கிரீம் வாங்கத் தள்ளிப் போனேன். திரும்பி வரும்போது சாண்டா "அப்பா! அப்பா!" என்று அலறுவது கேட்டது. முழங்காலளவு தண்ணீரில், ஜெல்லி மீன் கொட்டிய காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பாதிக் கடற்கரை கிடந்தது. அவளுடைய அம்மாவோ பக்கத்திலேயே, கரையோரத்தில் நின்றிருந்தாள். அக்சீனியா உடுத்திய துணியோடே தண்ணீருக்குள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். சாண்டா திமிறவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னாள்:

"இப்ப பரவால்ல. நீங்க போங்க. அவங்க தனியா இருக்காங்க, கூப்பிடுறாங்க பாருங்க."

கிழவி உண்மையாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்சீனியா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஐஸ்கிரீம் மணலில் கிடந்தது.

அன்று சாயங்காலம், கிழவியின் வீட்டு வாசலில் வைத்து, வாயைத் திறந்து கேட்டேன். "போதும் அக்சீனியா. எங்களோட வந்துடு."

"வந்து?" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியும். நான் வந்தா விருந்தாளி மாதிரி ஒவ்வொண்ணா கேட்டுட்டு நிக்கணும். அவ எனக்கு மரியாதையா எடுத்துக் குடுப்பா. அத என்னால பார்க்க முடியாது."

"பழகிடும்."

"எதுக்குப் பழகுறது? அவளுக்கு அம்மா வேணுங்கிற வயசு முடிஞ்சு போச்சு. இங்க ஒரு கிழவிக்காவது என்னைக் காணலன்னா தூக்கம் வரல."

நாற்காலியிலிருந்து "மம்மா" என்று குரல் வந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

மிச்ச வியாழக்கிழமைகளில் பூங்காவில் உட்கார்ந்து பேசுவதற்கு வார்த்தை தேடினோம். கிளம்பும் நாளில் அவள் மினிபஸ் நிற்கும் இடத்துக்குப் பை நிறையப் பாஸ்தாவும் சாக்லேட்டும் கொண்டுவந்தாள். சாண்டா கன்னத்தைக் காட்டினாள், "ரொம்ப நன்றி" என்றாள். அக்சீனியா அவளைக் கட்டிப்பிடித்தபோது, சாண்டா பின்னாலிருந்தவர்கள் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.

ஸ்லோவேனியா தாண்டியதும் சாண்டா கேட்டாள், "அடுத்த வருஷமும் வரணுமாப்பா?"

"உனக்கு வரணும்னு இருக்கா?"

"வரலன்னா அவங்க பாவம்ல."



பிப்ரவரியில் சிஞோரா ஒத்தாவியா இறந்துபோனாள். அக்சீனியா ஃபோனில் தேம்பித் தேம்பி அழுதாள். அவளுடைய சொந்த அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை. இப்போதாவது வருவாள் என்று அவள் துணிமணிக்கு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தேன். ஈஸ்டருக்கு முன்பே அவளுக்கு வெரோனாவில் வேறொரு வீடு கிடைத்துவிட்டது. ஒரு கிழவர், பக்கவாதம்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். சாண்டாதான் எடுப்பாள். "நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை பொறுமையாக நின்று கேட்டு, ஃபோனை என்னிடம் நீட்டுவாள்.