வீட்டுக்கு வந்த மதிவதனி

மதிவதனி கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அதே புதன்கிழமை, சென்னைப் பக்கம் அவள் படித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்து வகுப்புக்கும் வருகைப்பதிவில் விரல்ரேகை வைத்திருக்கிறாள். இரண்டுமே அவள்தான். மூன்றாம் வருடத்தில் நாலு மாதமாகச் சரியான தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வந்தது. போனில் அழுதபோது அப்பா பரசுராமன், "முடியலைனா கிளம்பி வந்துடு கண்ணு. படிப்பு போனா போவுது, நீ இருந்தா போதும்," என்றார். அதை நம்பி பஸ் ஏறினாள். ஏறியவள் ஒருத்தி, ஏறாமல் வகுப்புக்குப் போனவள் இன்னொருத்தி.

விடுதிக்கு இது புதிதும் இல்லை. அடுத்த அறை மணிப்பூர்ப் பெண் போன வருடமே இரண்டானாள். அவள் வீட்டில் இரண்டு பேரையும் மகள் என்றே வைத்துக்கொண்டார்கள். இங்கே நடந்தது வேறு. வந்தவள் பதினோரு நாள் தூங்கினாள். அந்தப் பதினோரு நாளும் மற்றவள் வீடியோ காலில் வந்து, தேர்வில் பாஸ் என்றாள், வார்டில் நல்ல பேர் என்றாள். பரசுராமன் போனையும் பார்த்தார், பாயையும் பார்த்தார். சீட் கிடைத்தபோது பஸ் ஸ்டாண்டில் 'டாக்டர் மதிவதனி' என்று கட்டிய ஃப்ளெக்ஸ், வெளுத்துப்போயும் அவிழ்க்காமல் இருந்தது. வகுப்புக்குப் போகுமுன்பே டாக்டர்! நம் ஊருக்கு அவ்வளவு அவசரம்.

பௌர்ணமிக்கு அப்பா, அம்மா, வந்தவள் மூவரும் திருவண்ணாமலை கிரிவலம் போனார்கள். மெடிக்கல் சீட்டுக்காக வேண்டிக்கொண்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பிரார்த்தனை அது. அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த அவர்கள் ஊர்க்காரர் வேடியப்பன், அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியவர், "இன்னாங்க, டாக்டரம்மா காலேஜ் போவலியா?" என்று கேட்டார்.

"பாப்பா காலேஜுலதாங்க இருக்குது. இது எங்க அக்கா பொண்ணு, ரேவதி," என்றார் பரசுராமன், கையில் டீயோடு, கொஞ்சமும் கூசாமல். மகள் அம்மாவைப் பார்த்தாள். பெற்றவளாவது மறுத்துப் பேசுவாள் என்றுதானே யாரும் நினைப்போம்? ரேணுகாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க, உடம்பு சரியில்லாம வந்துருக்குது," என்றாள். மிச்ச தூரத்தை மகள் அவர்களுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள்.

அப்புறம் ரேஷன் கார்டில் ரேவதி என்று பெயர் சேர்ந்தது. மற்றவள் பட்டம் வாங்கினாள், வேலூரில் வேலைக்குச் சேர்ந்தாள், இன்னும் பெரிய ஃப்ளெக்ஸ் வந்தது. லீவில் வந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்; முகச்சாயலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, மல்லாட்டைக் கடலை விலையைப் பேசுவார்கள். ரேவதிக்கு உடம்பு தேறிவிட்டது. நன்றாகத் தூங்குகிறாள்.

போன தை மாதம் ரேணுகாம்பாள் காய்ச்சலில் கிடந்தபோது, தலைமாட்டில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதி, என் கண்ணு," என்று அழுதாள். ரேவதி நெற்றித் துணியை நனைத்துப் போட்டுவிட்டு, "அது டியூட்டிக்குப் போயிருக்குது அத்தை, போன் போட்டுத் தரட்டா?" என்று கேட்டாள்.