குளிர் அறையில் அம்மாவின் குரல்

"அதோ இருக்கு, எடுத்துக் குடுக்க என்ன கேடு?" என்று கேட்டே விட்டேன்.

ஆவணக் காப்பகத்தின் தகவல் மேசைக்காரர் அசரவில்லை. அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒலிநாடாப் பெட்டி. அதற்குள் என் அம்மாவின் குரல். அம்மா வானொலி அறிவிப்பாளர். அவள் போன பிறகு வீட்டில் மிஞ்சியது புகைப்படங்கள்தான். அதுகள் வாயைத் திறக்குமா?

என் பக்கத்தில் அப்பா. ஒரு காது எப்போதோ போயிற்று. மிச்சமிருக்கும் காதில் கட்டி, நாளைக் காலை ஆபரேஷன். கட்டியோடு செவியும் போய்விடும், தள்ளிப்போடவும் முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"மேடம், குளிர் அறையில இருந்து எடுத்த நாடா ஒரு நாள் முழுக்க வெளிய இருக்கணும். இப்பவே பிரிச்சா ஈரம் கோத்துக்கும். ஓட்டினா பூச்சு உரிஞ்சு குரலே போயிரும்."

"எடுத்தாச்சுன்னு நேத்தே போன் பண்ணீங்களே!"

"பண்ணேன். நீங்கதான், 'கண்டவன் கை படும், பத்திரமா உள்ளயே வைங்க, நாளைக்கு வரேன்'னு சண்டை போட்டீங்க. திரும்பக் குளிர் அறைக்குள்ள வச்சேன். இன்னைக்குக் காலையில வெளிய எடுத்து, திரும்ப முதல்ல இருந்து."

என் அதிகப்பிரசங்கித்தனத்தை என்னவென்று சொல்ல!

உட்கார முடியவில்லை. அலமாரிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கொட்டட்டும்.

"உட்காரும்மா," என்றார் அப்பா. "நீ நடந்தா அது சூடாயிடுமா?"

காப்பகத்தை மூடும் மணி அடித்தது. "நாளைக் காலையில இவருக்கு ஆபரேஷன் சார், அப்புறம் காதே கேக்காது," என்றேன். சாவியை எடுத்த மேசைக்காரர் அப்பாவைப் பார்த்தார்.

"காலையில நான் முன்னாடியே வந்து போட்டுடறேன். போன்லயே கேக்கட்டும்."

மறுநாள் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது போன் அடித்தது. நர்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ரெண்டே நிமிஷம் சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமா போகும்." ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் காதோடு வைத்து அழுத்தினேன்.

கரகரப்பு. பிறகு அம்மா. அதே நிதானம், அதே மிடுக்கு.

"தடங்கலுக்கு வருந்துகிறோம். நேயர்கள் சற்றுப் பொறுத்திருக்கவும்."

மறுபடி கரகரப்பு. அவ்வளவுதான்.

"சார், மீதி எங்க? பேசச் சொல்லுங்க!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"அதுல அவ்வளவுதாம்மா இருக்கு," என்றார் மேசைக்காரர்.

அப்பா போனை என்னிடமிருந்து வாங்கித் தன் வாயருகே கொண்டுபோனார்.

"சரிடி," என்றார். "பொறுத்திருக்கேன்."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள்.