அக்காவின் நாலு மணி

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. முப்பத்தாறு வருடம் லிஃப்டுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்தவன் நான். தலைக்கு மேல் அத்தனை பாரம் தொங்கும்போது மனிதனுக்குப் பொய் வராது. அந்த லிஃப்டுகள் மேல் சத்தியம்.

கல்யாணமான மறுவாரமே நானும் என் மனைவியும் சொந்தங்களோடு போனில் பேசும் பொறுப்பைப் பிரித்துக்கொண்டோம். என் பக்கம் அவளுக்கு, அவள் பக்கம் எனக்கு. சொந்த ரத்தம் என்றால் இரண்டாவது நிமிடமே பழைய சண்டை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்தவர் சொந்தம் என்றால் நாக்கு அடங்கி நடக்கும். யோசனை அவளுடையதுதான்.

ஆகவே அவள் அண்ணன் என் பொறுப்பு. மச்சான் லாரி ஓட்டுநர். ஞாயிறு மூன்று மணிக்குக் கூப்பிட்டால் "ம்" என்பார். நானும் "ம்" என்பேன். ஒருமுறை இருவருமே ரிசீவரைக் காதில் வைத்தபடி தூங்கிவிட்டோம். அவர் விட்ட குறட்டையில் எங்கள் சுவர்க் காலண்டர் இரண்டு மாதம் கிழிந்து போயிற்று. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, "ம்" சொல்ல ஆளில்லாமல் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நாலு மணி என் அக்காவின் நேரம். அக்கா கணக்கு டீச்சர். என் மனைவி ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இருவரும் பேசி முடிக்கும்போது ரிசீவர் கொதிக்கும். அதன்மேல் என் ஈரக் கைக்குட்டையைப் போட்டுக் காயவைப்பேன். நான் அக்காவோடு பேசியதில்லை. அது என் பொறுப்பில் இல்லையே.

போன வருடம் என் மனைவி போய்விட்டாள். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி சேர்க்க மறந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு போன் அடித்தது.

"அவ இருக்காளாடா?"

அடக்கத்துக்கு வந்து எனக்கு முன்பாகவே அழுது முடித்தவள்தான் கேட்கிறாள்.

"குளிக்கிறாக்கா."

"சரி, அப்புறம் கூப்பிடறேன்."

இல்லை என்று சொல்லிவிட்டால் அக்கா அப்புறம் யாரைக் கூப்பிடுவாள்? வீட்டில் ஃபிரிட்ஜைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஆகவே வாராவாரம் என் மனைவி துணி காயப்போட்டாள், கடைக்குப் போனாள், மாடிவீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் அனுப்ப இடம் தீர்ந்து, இரண்டு வாரமாகக் குளியலறையிலேயே விட்டுவைத்தேன்.

"குளிக்கிறாக்கா."

"போன வாரமும் குளிச்சா. அவ என்ன மீனாடா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அவ வர்ற வரைக்கும் நீ பேசேன். வாயில என்ன பூட்டா?"

"என்ன பேசறது?"

"என் சைக்கிளை உடைச்சியே, அதைப் பேசு."

"நான் உடைக்கலை. அது ஏற்கெனவே உடைஞ்சுதான் இருந்துச்சு."

"அம்பது வருஷமா இதே புளுகுடா உனக்கு!"

கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டாவது நிமிடம். விளக்கு போடும் நேரம்வரை சண்டை போட்டோம். "இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று அக்கா போனை வைத்தாள். ரிசீவர் கொதித்தது.

மறு ஞாயிறு நாலு அடிக்கும்போதே போன் அடித்தது. "பின் பிரேக்கையும் நீதான் கழட்டினே" என்று அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள். என் மனைவியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இன்றும் ஞாயிறு. மூன்றே முக்கால். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: நானும் என் மனைவியும் அவரவர் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள்.